சாய்ந்து நின்று அதட்டும் எழுத்து

அச்செழுத்துக்குக் குரல் உண்டு. மெல்லிய எழுத்து முணுமுணுக்கும். நிமிர்ந்த எழுத்து நிதானமாகப் பேசும். எழுத்தைத் தடிமனாக்கி, வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்து, முனைகளில் இருக்கும் கொசுறு அலங்காரங்களையும் வெட்டி எறிந்துவிட்டால் அது அதட்ட ஆரம்பித்துவிடும். கூரியர் வேனின் பக்கவாட்டில் டி.ஹெச்.எல். என்ற மூன்று எழுத்துகள் மஞ்சள் பின்னணியில் சிவப்பாகச் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நைக்கி ஷூவின் பெயரும் அப்படித்தான். துணிக்கடையின் தள்ளுபடி பேனர், பைக்கின் பெட்ரோல் டாங்க், செய்தி சேனலின் அடியில் ஓடும் சிவப்புப் பட்டை என்று அவசரம் இருக்கும் இடமெல்லாம் இந்த எழுத்து இருக்கிறது. அவசரம் இல்லாத இடங்களிலும் இப்போது வந்து உட்கார்ந்துகொண்டுவிட்டது. பிரச்சினை அங்கேதான்.

இந்தக் குடும்பத்தில் மிகப் பிரபலமான எழுத்து 'ஃபியூச்சுரா போல்ட் ஆப்ளீக்'. ஃபியூச்சுராவை வடிவமைத்தவர் பால் ரென்னர் என்ற ஜெர்மானியர். ஃபிராங்க்ஃபர்ட்டின் பாயர் வார்ப்பகம் 1927-ல் அதை வெளியிட்டது. எழுத்தின் கை கால் முனைகளில் இருக்கும் சிறு பாதங்களுக்கு செரிஃப் என்று பெயர். அவை இல்லாத அச்செழுத்தை முதலில் விற்பனைக்கு வைத்தவர் லண்டனின் நான்காம் வில்லியம் காஸ்லன், ஆண்டு 1816. ஆனால் அதற்குப் பிறகு நூறாண்டுக் காலம் அது பெரும்பாலும் விளம்பரத் தட்டிகளுக்கான முரட்டு எழுத்தாகவே இருந்தது. ரென்னர் அதற்கு ஜியோமிதியைக் கற்றுக்கொடுத்தார். அவருடைய 'ஓ' காம்பஸால் போட்ட வட்டம் போல இருக்கும். சின்ன 'ஏ' ஒரு வட்டமும் ஒரு குச்சியும். சின்ன 'டி' வெறும் சிலுவை. சின்ன 'ஜே'க்கு அடியில் வளைவுகூடக் கிடையாது. புள்ளி வைத்த கோடு, அவ்வளவுதான்.

பார்ப்பதற்குத்தான் இது ஜியோமிதி. உண்மையில் கண்ணை ஏமாற்றும் வேலை. சரியான வட்டத்தைப் பக்கத்திலுள்ள சதுர எழுத்தின் அதே உயரத்துக்கு வரைந்தால் அது சிறியதாகத் தோன்றும். அதனால் வட்டத்தைக் கொஞ்சம் மேலும் கீழும் பிதுங்கவிட வேண்டும். கிடைக்கோடும் செங்குத்துக் கோடும் ஒரே தடிமனில் இருந்தால் கிடைக்கோடு தடித்துத் தெரியும். அதைக் கொஞ்சம் இளைக்க வைக்க வேண்டும். வட்டமும் குச்சியும் சேரும் இடத்தில் மை அடைத்துக்கொள்ளாமலிருக்க அங்கேயும் செதுக்க வேண்டும். எழுத்து தடிக்கத் தடிக்க இந்த வேலை கூடிக்கொண்டே போகும், ஏனென்றால் தடித்த எழுத்தில் எழுத்தைக் காட்டிக்கொடுப்பது கோடு அல்ல, கோட்டுக்குள்ளே மிச்சமிருக்கும் வெள்ளைதான்.

சாய்வு இன்னொரு தலைவலி. சாய்வெழுத்து எல்லாவற்றையும் இட்டாலிக் என்று சொல்வது பழக்கம். இரண்டும் ஒன்றல்ல. இட்டாலிக் என்பது கையெழுத்தின் குழந்தை. வெனிஸ் நகரத்துப் பதிப்பாளர் ஆல்டஸ் மனூஷியஸுக்காக ஃபிரான்சிஸ்கோ கிரிஃபோ அதைச் செதுக்கினார். 1501-ல் வந்த வர்ஜில் கவிதைப் பதிப்பு முழுக்க முழுக்க அந்த எழுத்தில்தான் அச்சானது. அப்போது அது அழுத்தம் கொடுப்பதற்கான எழுத்தே அல்ல. கையடக்கப் புத்தகத்துக்கான அழகான, நெருக்கமான எழுத்து. நிமிர்ந்த எழுத்துக்கு நடுவே சாய்ந்ததை வைத்து ஒரு சொல்லைத் தனித்துக் காட்டும் வழக்கம் பின்னால் வந்தது. ஆப்ளீக் என்பது வேறு. அங்கே எழுத்தின் உருவம் மாறுவதில்லை. நிமிர்ந்து நின்ற அதே எழுத்து எட்டிலிருந்து பன்னிரண்டு டிகிரி வரை முன்னால் சாய்கிறது. கையெழுத்தின் நெளிவு சுளிவு இல்லை. எதிர்க்காற்றில் நடக்கும் மனிதனின் சாய்வு.

கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அழுத்தினால் எந்த எழுத்தும் சாய்ந்துவிடும். ஆனால் அப்படிச் சாய்த்த வட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வலது மேல் மூலையிலும் இடது கீழ் மூலையிலும் சதை போட்டிருக்கும்; மற்ற இரண்டு மூலைகளிலும் இளைத்திருக்கும். யாரோ இரண்டு முனைகளைப் பிடித்து இழுத்த ரப்பர் வளையம் போல. தேர்ந்த வடிவமைப்பாளர் சாய்த்த பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு வளைவையும் திருத்துவார். ஒழுங்காகச் செய்த ஆப்ளீக்குக்கும் பட்டனில் பிறந்ததற்கும் இடையிலான வித்தியாசம் இந்தத் திருத்தம்தான். மெல்லிய எழுத்தில் இது தெரியாமல் போகலாம். தடித்த எழுத்தை ஆளுயரத்துக்கு அச்சிட்டால் ஒளிந்துகொள்ள இடமில்லை.

ரென்னர் தனிமனிதராகவும் கவனிக்கத் தக்கவர். 1932-ல் நாஜிகளின் கலாச்சாரக் கொள்கையைத் தாக்கி ஒரு சிறுநூல் எழுதினார். அடுத்த ஆண்டு ஹிட்லர் பதவிக்கு வந்ததும் கைது செய்யப்பட்டார். மியூனிக் அச்சுப் பள்ளியின் தலைமைப் பதவியும் போனது. எழுத்தின் வடிவமே அன்று அரசியலாக இருந்தது. ஜெர்மானிய ஆன்மாவின் அடையாளம் என்று கொண்டாடப்பட்டது முறுக்கும் உடைப்புமான ஃபிராக்டூர் எழுத்து. 1941 ஜனவரியில் மார்ட்டின் போர்மன் கையெழுத்திட்ட சுற்றறிக்கை ஒன்று அந்த எழுத்தையே 'யூத எழுத்து' என்று முத்திரை குத்தி ஒதுக்கியது. நேற்று வரை தேசபக்தி, இன்று துரோகம். எழுத்து பாவம், எதுவும் செய்யவில்லை. 1969-ல் அப்பல்லோ 11 நிலவில் விட்டுவந்த உலோகப் பலகையின் வாசகம் ஃபியூச்சுராவின் நிமிர்ந்த பெரிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டது. நிலவில் யாரையும் அதட்ட வேண்டியிருக்கவில்லை. அதனால் அங்கே சாய்வும் இல்லை.

பூமியில் அதட்ட வேண்டியிருந்தது. அதைச் செய்தவர் அமெரிக்க ஓவியர் பார்பரா குரூகர். 1945-ல் பிறந்த குரூகர், பெண்கள் பத்திரிகையான 'மாத்மோஸெல்'லில் லே-அவுட் வேலை பார்த்தவர். வாசகர் பக்கத்தைப் புரட்டுவதற்கு முந்தைய ஒரு நொடியில் அவரைப் பிடித்து நிறுத்துவது எப்படி என்பது அங்கே கற்ற பாடம். அந்த வித்தையை அப்படியே திருப்பிப் போட்டார். பழைய பத்திரிகைகளின் கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்துப் பெரிதாக்கினார். அவற்றின் மேல் சிவப்புப் பட்டை, பட்டைக்குள் வெள்ளையில் ஃபியூச்சுரா போல்ட் ஆப்ளீக். விளம்பரம் பொருளை விற்கப் பயன்படுத்திய குரலில், விற்பவரையும் வாங்குபவரையும் பார்த்துக் கேள்வி கேட்டார். 1987-ன் புகழ்பெற்ற படைப்பில் ஒரு கை அட்டை ஒன்றைப் பிடித்திருக்கிறது. அட்டையின் வாசகத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: 'வாங்குகிறேன், ஆகவே இருக்கிறேன்'. தத்துவஞானி தெகார்த்தேயைக் கடைத்தெருவுக்குக் கூட்டிவந்த வாசகம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னும் கடுமையான ஒன்று. கருக்கலைப்பு உரிமைக்காக 1989 ஏப்ரலில் வாஷிங்டனில் பெண்கள் நடத்திய பெரும் பேரணிக்காகக் குரூகர் ஒரு போஸ்டர் செய்தார். ஒரு பெண்ணின் முகம் நடுவே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒரு பாதி சாதாரணப் படம், மறுபாதி நெகட்டிவ். நடுவில் 'உன் உடல் ஒரு போர்க்களம்' என்ற வாசகம். சுவர்களில் ஒட்டப்பட்ட அந்த போஸ்டரில் எழுத்து தன் உச்சபட்ச வேலையைச் செய்தது. சொற்கள் குறைவு. நடந்து போகிறவர் தலையைத் திருப்பும் நேரத்துக்குள் படித்துவிடலாம். 'உன்' என்ற சொல் யாரைச் சுட்டுகிறது என்று யோசிக்கும்போது அவர் ஏற்கனவே மாட்டிக்கொண்டுவிட்டார். 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த உரிமையின் அரசியல் சட்டப் பாதுகாப்பை ரத்து செய்தபோது, 33 ஆண்டு பழைய போஸ்டர் பழசாகவே தெரியவில்லை.

அதே எழுத்தை மறுபக்கத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டது கதையின் அடுத்த பாகம். 1994-ல் நியூயார்க்கில் ஜேம்ஸ் ஜெபியா 'சுப்ரீம்' என்ற கடையைத் திறந்தார். ஸ்கேட்போர்டு இளைஞர்களுக்கான சட்டை, தொப்பிக் கடை. அதன் லோகோ சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து. தடித்த, சாய்ந்த ஃபியூச்சுரா. நுகர்வு வெறியைக் கேலி செய்த உருவம் இப்போது டி-ஷர்ட்டை விற்றது. அதற்காக இளைஞர்கள் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். 2013-ல் சுப்ரீம் தன் லோகோவைக் கேலி செய்து சட்டை விற்ற ஒரு சிறு பெண்கள் உடை நிறுவனத்தின் மீது ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. யாரிடமிருந்து அந்த உருவம் வந்ததென்று எல்லோருக்கும் தெரிந்திருந்த நிலையில், ஒரு நிருபர் குரூகரிடம் கருத்துக் கேட்டார். அவர் இரு தரப்பையும் சேர்த்துக் கிழித்த ஒரு சிறு குறிப்பை அனுப்பினார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. கடை வளர்ந்தது. 2020-ல் அதை வி.எஃப். நிறுவனம் 210 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. 2024-ல் 150 கோடி டாலருக்கு வேறொரு நிறுவனத்துக்கு விற்றது.

குரூகரும் சும்மா இருக்கவில்லை. 2017-ல் நியூயார்க்கில் ஒரு தற்காலிகக் கடையைப் போட்டுத் தன் வாசகங்கள் அச்சிட்ட ஸ்கேட்போர்டும் தொப்பியும் விற்றார். யார் யாரைக் கேலி செய்கிறார்கள் என்பதே குழம்பிப் போனது. லண்டனின் செல்ஃப்ரிட்ஜஸ் கடை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவரைக் கொண்டே தன் தள்ளுபடி விற்பனை விளம்பரங்களைச் செய்துகொண்டிருந்தது. வணிகத்துக்கு ரோஷம் கிடையாது; தன்னைத் திட்டும் எழுத்தையும் அது பையில் அச்சிட்டு விற்றுவிடும்.

இதில் சட்டம் ஏன் தலையிடவில்லை என்று கேட்கலாம். அமெரிக்கச் சட்டப்படி அச்செழுத்தின் வடிவத்துக்குக் காப்புரிமை கிடையாது. 1978-ன் எல்ட்ரா வழக்குத் தீர்ப்பு அதை உறுதி செய்தது. எழுத்தை உருவாக்கும் கம்ப்யூட்டர் நிரலுக்கு உரிமை உண்டு. லோகோவுக்கு வணிக முத்திரை உண்டு. ஆனால் சாய்ந்த தடித்த எழுத்தை யாரும் தனதென்று சொல்ல முடியாது. எழுத்து பொதுச்சொத்தாக இருப்பது நியாயமே. ஒரு வார்த்தையை உரக்கச் சொல்லும் உரிமையை யாருக்கு விற்பது?

உரக்கச் சொல்வது வேறு, சரியாகச் சொல்வது வேறு என்பதற்கும் குரூகரிடமே உதாரணம் இருக்கிறது. 2016 அக்டோபர் இறுதியில் வந்த 'நியூயார்க்' பத்திரிகையின் அட்டைக்கு டொனால்ட் டிரம்ப்பின் முகத்தைப் பெரிதாகப் போட்டு, மேலே ஒரே ஒரு சொல்லை வைத்தார். தோற்றவர், உருப்படாதவர் என்ற இரண்டு அர்த்தங்களையும் தரும் 'லூஸர்' என்ற சொல். நவம்பர் 8 தேர்தலில் டிரம்ப் ஜெயித்தார். அட்டை இன்னும் கடைகளில் இருந்தது. அதற்கு வேறு அர்த்தங்கள் உண்டென்று வாதாடலாம், வாதாடவும் செய்தார்கள். ஆனால் இந்த எழுத்தின் குணம் அங்கே அம்பலமானது. அதற்கு 'ஒருவேளை' என்று சொல்லத் தெரியாது. 'கூறப்படுகிறது', 'சந்தேகிக்கப்படுகிறது' என்ற சொற்களை இதில் அச்சிட்டுப் பாருங்கள். சிரிப்பு வரும். சந்தேகத்தைச் சந்தேகமாகவே காட்டக் கூடிய எழுத்து இதுவல்ல. உறுதி செய்யப்படாத செய்தியைச் சாய்ந்த தடித்த எழுத்தில் ஓடவிடும் சேனல், சொல்லாத உறுதியை வடிவத்தால் சொல்லிவிடுகிறது.

மொழிபெயர்ப்பு மேஜைக்கு வந்தால் விஷயம் இன்னும் நுட்பமாகிறது. ஆங்கிலப் பிரதியில் ஒரு சொல் சாய்ந்திருந்தால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். புத்தகம் அல்லது படத்தின் பெயராக இருக்கலாம். அதற்குத் தமிழில் ஒற்றை மேற்கோள் குறி போதும். அந்நிய மொழிச் சொல்லாக இருக்கலாம். ஆங்கிலேயருக்கு அந்நியமான 'தோசை' நமக்கு அந்நியமல்ல. மூன்றாவதுதான் சிக்கல்: அழுத்தம். ஒரு விசாரணையில் சாட்சி சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: 'பாலம் பலவீனமாக இருப்பது அவருக்குத் தெரியும்.' ஆங்கிலத்தில் 'அவர்' சாய்ந்திருந்தால், தமிழில் 'அவருக்குத்தான் தெரியும்'. 'தெரியும்' சாய்ந்திருந்தால், 'அவருக்குத் தெரியத்தான் தெரியும்'. முதலாவது பொறுப்பை ஒருவர் தலையில் கட்டுகிறது. இரண்டாவது, தெரியாது என்று அவர் சொன்னதைப் பொய்யாக்குகிறது. பன்னிரண்டு டிகிரி சாய்வு இடம் மாறினால் ஜெயிலுக்குப் போகிற ஆளே மாறலாம்.

ஆங்கிலம் எழுத்தைச் சாய்த்துச் செய்யும் வேலையைத் தமிழ் இலக்கணத்தால் செய்கிறது. நன்னூல் ஏகாரத்துக்குச் சொல்லும் ஆறு பொருள்களில் பிரிநிலையும் தேற்றமும் உண்டு. ஒன்று கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிரித்துக் காட்டுவது. மற்றது உறுதியாகச் சொல்வது. இன்றைய பேச்சிலும் எழுத்திலும் 'தான்' இந்தச் சுமையில் பெரும்பகுதியைத் தூக்குகிறது. சொல்லை இடம் மாற்றிப் போட்டும் அழுத்தம் கொடுக்கலாம். இவ்வளவும் கையில் இருக்கும்போது தமிழ்ப் பத்தியின் நடுவே ஒரு சொல்லைச் சாய்த்து வைப்பது பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரின் சோம்பல். அழுத்தத்தை மொழிபெயர்க்காமல் அப்படியே இறக்குமதி செய்வது அது. மூலத்தில் அழுத்தமே இல்லாத ஒருவரின் பேச்சை நாமாகத் தடித்த எழுத்தில் போட்டால் அது சோம்பலைவிட மோசம். அவர் சொல்லாத தொனியை அவர் வாயில் திணிக்கிறோம். அப்படிச் செய்தே தீர வேண்டுமென்றால் 'அழுத்தம் நம்முடையது' என்று ஒரு வரி போடுவது குறைந்தபட்ச நாணயம்.

தமிழ் எழுத்தை இந்த உருவத்துக்குக் கொண்டுவருவதே சிரமம். ரோமன் எழுத்து சாயப் பழகி ஐந்நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. தமிழ் அச்சில் தனியான சாய்வெழுத்து மரபு கிடையாது, டி.டி.பி. வந்த பிறகு பட்டன் கொடுத்த வரம்தான் பெரும்பாலும். இந்தியில் தலைக்கோடு படுத்தபடியே இருக்க, கால்கள் மட்டும் சாயும். அதனால் வரி தறிகெட்டுப் போகாது. தமிழுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. 'ட', 'ப', 'ம' போன்ற நேர்க்கோட்டு எழுத்துகள் ஓரளவு கௌரவமாகச் சாயும். 'ழ', 'ஞ', 'ண' போன்ற சுழி எழுத்துகள் தடுமாறும். மெய்யெழுத்தின் புள்ளியும் கூடவே நகர வேண்டும். இல்லையென்றால் பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்காரும்.

தடிமன் இன்னும் ஆபத்தானது. ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் வேறுபடுத்துவது மேலே இருக்கும் ஒரு சிறு சுழி. எழுத்து தடிக்கும்போது அந்தச் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டுப் போகும். மலிவான காகிதத்தில் மை ஊறினால் முழுக்க மூடிக்கொள்ளும். அப்போது 'பெறு'வும் 'பேறு'ம் ஒன்று, 'கொள்'ளும் 'கோள்'ளும் ஒன்று. குறிலும் நெடிலும் தெரியாத தமிழை எவ்வளவு உரக்கச் சொன்னால் என்ன? ஆகவே தமிழில் இந்த வகை எழுத்தை வடிவமைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது கம்பீரத்தை அல்ல, கொம்பின் சுழியையும் 'ண'வின் உள்வெளியையும்தான். எழுத்துக்கு எழுத்து தடிமன் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, வெள்ளை மிச்சமிருக்க வேண்டும்.

அப்படியானால் இந்த எழுத்தை எங்கே பயன்படுத்தலாம்? ஐந்தாறு சொற்களுக்குள் முடியும் வாசகத்துக்கு. தூரத்திலிருந்து, நகர்ந்துகொண்டே படிக்கப்படும் இடத்துக்கு: போஸ்டர், பேரணித் தட்டி, விளையாட்டு வீரரின் சட்டை, வேன். வேகத்தைச் சொல்ல வேண்டிய பொருளுக்கு. பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில், சுற்றிலும் நிறைய வெற்றிடம் விட்டு. சிவப்பிலோ கறுப்பிலோ வெள்ளையாக எடுத்தால் எழுத்துகளுக்கு இடையே கொஞ்சம் கூடுதல் இடைவெளி வேண்டும். இருட்டுப் பின்னணியில் வெள்ளை எழுத்து, இருப்பதைவிடத் தடித்துத் தெரியும்.

எங்கே கூடாது? முழுப் பத்திக்கு. எழுத்தின் படிப்புத்திறனைப் பல ஆண்டுகள் சோதித்த அமெரிக்க உளவியலாளர் மைல்ஸ் டிங்கர், சாய்வெழுத்து படிக்கும் வேகத்தைக் குறைக்கிறது என்று கண்டார். தடித்த எழுத்தில் வேகம் அவ்வளவாகக் குறையவில்லை. ஆனால் பெரும்பாலான வாசகர்களுக்கு அதைப் பிடிக்கவில்லை. மருந்துச் சீட்டு, வங்கிப் படிவம், தேர்வுக் கேள்வித்தாள், ரயில் அட்டவணை இவற்றுக்கெல்லாம் நிமிர்ந்த, சாதாரணத் தடிமனுள்ள எழுத்தே போதும். அவற்றைப் படிப்பவர் ஏற்கனவே பதற்றத்தில் இருப்பவர். அவரை மேலும் அதட்டத் தேவையில்லை. இரங்கல் அறிவிப்பில் இதைப் போடுவது சாவு வீட்டில் ஹாரன் அடிப்பதற்குச் சமம்.

இந்த எழுத்தின் பலம் முழுவதும் அதன் அண்டை வீட்டுக்காரரிடம் இருக்கிறது. சுற்றிலும் நிமிர்ந்து, அமைதியாக நிற்கும் எழுத்துகள் இருந்தால்தான் சாய்ந்தது சாய்ந்ததாகத் தெரியும். குரூகரின் போஸ்டர் நின்று பார்க்க வைத்ததற்கு அதன் பின்னாலிருந்த ஊமையான கறுப்பு வெள்ளைப் படமும் ஒரு காரணம். இன்றைய சந்தைத் தெருவிலும் டி.வி. திரையிலும் எல்லா வாசகமும் தடித்திருக்கிறது, எல்லாம் சாய்ந்திருக்கிறது, எல்லாம் சிவப்பில் இருக்கிறது. யாரும் நின்று படிப்பதில்லை. அங்கே கவனத்தைப் பிடிக்க விரும்புகிறவர் ஒன்று செய்யலாம். சிறிய, நிமிர்ந்த எழுத்தில், உண்மையென்று தெரிந்ததை மட்டும் எழுதி வைக்கலாம்.